யாருக்காகக் கட்டினோம் அந்த வீடுகளை?

நாஞ்சில் நாட்டில் நாலு பேர் கூடும் இடத்தில் சுனாமிக் குடியிருப்புகளைப் பற்றிய பேச்சு எழுந்தால் ஒரு வாக்கியம் தப்பாமல் வந்து விழும். "லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டிக் கொடுத்தாச்சு. அதை வாடகைக்கு விட்டுட்டு மறுபடியும் கடலோரத்துக்கே போயாச்சு. இவங்களைத் திருத்த முடியாது." தேநீர்க் கடையிலும் சொல்கிறார்கள், திருமண வீட்டுப் பந்தியிலும் சொல்கிறார்கள். புத்தகம் படிக்கிறவர்கள், நெய்தல் திணையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் என்று பெயரெடுத்த எங்கள் கூட்டத்திலும் இந்த வாக்கியம் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர்களில் எங்களில் சிலரும் உண்டு. ஆகவே இக்கட்டுரை முதலில் எங்களுக்கு எதிராக எழுதப்படுகிறது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறோம்.

அந்த வாக்கியம் பொய் என்பது எங்கள் வாதம் அன்று. வீடுகள் பூட்டிக் கிடப்பதும் உண்டு, வாடகைக்கு விடப்படுவதும் உண்டு, குடும்பங்கள் கரைக்குத் திரும்பியதும் உண்டு. ஆனால் ஒருவன் தனக்குக் கொடுக்கப்பட்ட வீட்டை விட்டு வெளியேறினால், அவனுடைய குணத்தை விசாரிப்பதற்கு முன் அந்த வீட்டை விசாரிக்க வேண்டாமா? நாம் ஒருநாளும் அதை விசாரித்ததில்லை.

*

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இந்திய நேரப்படி காலை 6.28 மணி அளவில் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் அலை நம் கரையை அடைய ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த மூன்று மணி நேரத்தில் நம் கடற்கரைக் கிராமங்களுக்கு ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007 அக்டோபரில்தான்.

இலங்கைத் தீவு மறைத்து நிற்பதால் குமரியின் மேற்குக் கரைக்கு ஆபத்தில்லை என்று எண்ணத் தோன்றும். அலை அப்படி எண்ணவில்லை. தீவைச் சுற்றி வளைந்து வந்து குளச்சலையும் கொட்டில்பாட்டையும் அடித்தது. கிழக்கே பழையாறு கடலோடு கலக்கும் முகத்தில் கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்திருந்த பாலத்தைப் பெயர்த்து எறிந்தது. மாவட்டத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை எண்ணூறை ஒட்டியது. நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் அதிகம் இழந்தது நம் மாவட்டம்தான். குளச்சலில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

நாஞ்சில் நாடு என்று நாம் பெருமையோடு சொல்லும் நிலத்தின் குளங்கள் வழிந்தோடும் நீரெல்லாம் பழையாற்றின் வழியே மணக்குடியில்தான் கடலைச் சேர்கிறது. நெல்லுக்கும் மீனுக்கும் நடுவே ஓடும் ஆறு அது. அந்த ஆற்றின் முகத்தில் ஓர் ஊர் அழிந்தபோது உள்நாட்டு ஊர்கள் சும்மா இருக்கவில்லை. பள்ளிகளும் தேவாலயங்களும் மண்டபங்களும் திறந்தன. சோறு பொங்கிக் கொண்டு போனார்கள், உடுதுணி கொடுத்தார்கள். அந்தச் சில வாரங்களின் மனிதத்தன்மையை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். எங்கள் குற்றச்சாட்டு அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளைப் பற்றியது.

*

கொட்டில்பாட்டுக்குச் சென்றவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். அதாவது நாம் சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய் என்று சொல்வது. திருவிதாங்கூர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், படகுப் போக்குவரத்துக்காக வெட்டத் தொடங்கி, எண்ணியபடி முடிவடையாமல் போய், பின்னர் தூர்ந்து, சேறும் பாசியுமாகக் கிடந்த கால்வாய். அலையைக் கண்டு ஊருக்குள் ஓடியவர்கள் இந்தக் கால்வாயின் முன் வந்து நின்றார்கள். பின்னால் கடல், முன்னால் சேறு. பலர் மாண்டது அலையின் முகப்பில் அன்று, அந்தக் கால்வாயில்.

இந்த ஒரு செய்தியிலிருந்து ஒரு நிர்வாகம் என்ன பாடம் கற்றிருக்க வேண்டும்? கடலுக்கும் மனிதனுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதைக் காட்டிலும், ஓடுவதற்கு வழி இருந்ததா என்பதே உயிரைத் தீர்மானித்தது என்னும் பாடத்தை. கால்வாயின் மேல் இத்தனை அடிக்கு ஒரு பாலம், கரைக்குச் செங்குத்தாக அகலமான தெரு, ஏறி நிற்க ஒரு மாடி. இவை எளிய காரியங்கள். ஆனால் கொள்கை வகுத்தவர்களின் கையில் இருந்தது அளவுநாடா ஒன்றுதான்.

2005 மார்ச் 30 அன்று வெளியான வருவாய்த் துறை அரசாணை எண் 172 அந்த அளவுநாடாவின் மொழியில் பேசியது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் விலகிச் செல்லச் சம்மதித்தால் புதிய வீடு உண்டு. சம்மதிக்காவிட்டால் இருந்த இடத்திலேயே தம் கைப்பணத்தில் பழுது பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அரசின் உதவி கிடையாது. புதிய வீடு பெற்றவர் பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த 200 மீட்டர் அரசு புதிதாகக் கண்டுபிடித்ததன்று. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிப்பில் இருந்த கோடுதான் அது. அந்த அறிவிப்பு எழுதப்பட்டது கரையைக் காப்பதற்காக. பேரலையிலிருந்து மனிதரைக் காப்பதற்காக எழுதப்பட்டதன்று. ஒரு நோய்க்கு எழுதிய மருந்துச்சீட்டை இன்னொரு நோய்க்கு நீட்டிய கதை இது.

எல்லாவற்றையும் இழந்து, தார் அட்டைக் கொட்டகையின் வெக்கையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம், "உனக்குத் தேர்வு உண்டு, வந்தால் வீடு, வராவிட்டால் ஒன்றுமில்லை" என்று சொல்வதற்குப் பெயர் தேர்வா? நாங்கள் அதை நிர்ப்பந்தம் என்றே சொல்வோம்.

*

இனி அந்த வீட்டைப் பார்ப்போம். 300 முதல் 325 சதுர அடி. விலை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய். அரசு நிலம் கொடுக்கும், தொண்டு நிறுவனம் கட்டித்தரும் என்பது ஏற்பாடு. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலிடம், ஒரு கழிப்பிடம், மேலே தட்டைக் கான்கிரீட். நாகப்பட்டினத்துக்கும் அதே, கடலூருக்கும் அதே, கன்னியாகுமரிக்கும் ஏறத்தாழ அதே. மணல் பரந்த கரையில் வாழ்பவனுக்கும் பாறைக் கரையில் வாழ்பவனுக்கும், கட்டுமரத்தில் போகிறவனுக்கும் விசைப்படகில் ஆழ்கடல் போகிறவனுக்கும் ஒரே அச்சில் வார்த்த வீடு. திணை என்னும் ஒரு கருத்தை இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சுமந்து திரிவதாகச் சொல்லிக்கொள்ளும் மொழியில், நிலத்துக்கேற்ற வீடு என்ற எண்ணம் ஒரு கோப்பிலாவது இடம்பெற்றிருக்க வேண்டாமா?

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குப் புரியும்படியே கேட்கிறோம். நெல் போட ஒரு பத்தாயம், அறுப்புக் காலத்தில் கதிர் கொண்டுவந்து இறக்க ஒரு முற்றம், வருகிறவர் உட்கார ஒரு படிப்புரை. இவை இல்லாத ஒன்றை உங்கள் தாத்தா வீடு என்று ஒப்புக்கொண்டிருப்பாரா? வயலிலிருந்து இரண்டு மைல் தள்ளி, மாடு கட்ட இடமில்லாமல், வைக்கோல் போர் போட இடமில்லாமல் நான்கு சுவரைக் காட்டி, "இனி நீர் இங்கே இருந்துகொண்டு வேளாண்மை செய்யும்" என்று அவரிடம் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? அவருக்கு அது அபத்தம் என்றால், வலை வைக்க இடமில்லாத வீடு, மோட்டார் வைக்க இடமில்லாத வீடு, மீன் உலர்த்த நாலு முழ மண் இல்லாத வீடு மீனவனுக்கு எப்படி அருட்கொடை ஆயிற்று?

எங்கள் நண்பர்கள் மூவர் சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு குடியிருப்புக்குச் சென்றிருந்தனர். கடல் கண்ணில் படவில்லை, காதிலும் படவில்லை. ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் கொடையாளரின் பெயர் பொறித்த கல். வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு முதிய தாயாரிடம், ஏன் உங்கள் மகன் இங்கே தங்குவதில்லை என்று கேட்டார்கள். கேட்ட குரலில் கொஞ்சம் குற்றம் சாட்டும் தொனி இருந்திருக்க வேண்டும்.

"வீடு நல்ல வீடுதான் மக்களே. குத்தம் சொல்லப்படாது. ஆனா வலையை எங்க கொண்டு வைக்கதுக்கு? மோட்டரை எங்க வைக்கதுக்கு? கரையில போட்டா காலையில இருக்காது. வெளுப்பாங்காலம் கடலு எப்படிக் கெடக்குன்னு எந்திரிச்சு வந்து பாத்துட்டுத்தானே போவணும்? இங்க இருந்து பாத்தா தெங்குதான் தெரியுது."

கடலைப் பார்த்து முடிவெடுப்பது அழகியல் விவகாரம் அன்று. காற்றின் திசை, நீரின் நிறம், நீரோட்டத்தின் போக்கு ஆகியவற்றைப் பார்த்துத்தான் இன்று வள்ளம் இறக்குவதா வேண்டாமா என்று முடிவாகிறது. அலுவலகத்தை வீட்டிலிருந்து தள்ளி வைக்கலாம். கடலை அப்படித் தள்ளி வைக்க முடியாது. மீன் வந்திறங்கும் நேரத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இறங்கும் நேரத்தில் ஏலம் கூற ஆள் வேண்டும், கடவத்தோடு பெண்கள் வேண்டும். கரையிலிருந்து விலகிய ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்தப் பெண்களின் ஆட்டோக் கூலியாக, நாள் வருமானத்தில் விழுந்த துளையாக மாறியது. அவர்களிடம் போய், நீங்கள் ஏன் நன்றியோடு இருக்கவில்லை என்று கேட்கிறோம்.

கட்டுமானத்தின் தரத்தையும் பேசத்தான் வேண்டும். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. நீரிலும் மணலிலும் உப்பு இருந்தால் அது கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியை அரிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கிறது. பருத்த கம்பி மேலிருக்கும் காரையைப் பிளந்து தள்ளுகிறது. இது எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த சங்கதி. கழுவிய மணல், நல்ல தண்ணீர், கம்பிக்கு மேல் போதிய கனத்துக்குக் கான்கிரீட், ஏழு நாளாவது நனைத்தல் என்னும் நான்கையும் கடைப்பிடித்தால் தாங்கும். அவசரத்தில், மேற்பார்வை இல்லாமல், ஒப்பந்தக்காரரின் கீழ் ஒப்பந்தக்காரர் கட்டிய வீடுகளில் சில ஆண்டுகளிலேயே கூரையில் கம்பி தெரிந்தது. எல்லா வீடும் அப்படி என்று சொல்ல மாட்டோம். கருத்தோடு கட்டிய நிறுவனங்கள் உண்டு, மக்களோடு உட்கார்ந்து வரைபடம் போட்டவர்களும் உண்டு. அவர்களுடைய வீடுகளில் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள் என்பதே எங்கள் கட்சிக்குச் சான்று.

இன்னொன்று. புதிய வீட்டின் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. அதை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். பட்டா என்பதையே அறியாதிருந்த பல குடும்பங்களுக்கு அது முதல் காகிதம். ஆனால் 2005இல் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது. அவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் வந்தாயிற்று. 325 சதுர அடி மட்டும் வளரவில்லை. மேலே ஒரு மாடி எழுப்பத் தாங்கும் அடித்தளமோ, பக்கவாட்டில் நீட்ட இடமோ பல இடங்களில் வைக்கப்படவில்லை. ஆகவே மகன் போனான். எங்கே போவான்? கரைக்குத்தான் போவான். அதைத்தான் நாம் 'திருத்த முடியாது' என்கிறோம்.

*

வேறு வழி இல்லை, அவசரத்தில் அதுதான் முடிந்தது என்பார்கள் சிலர். அவர்களுக்காகக் கொஞ்சம் வெளியே பார்ப்போம்.

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மராட்டியத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் பகுதியை 6.2 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவர்களும் மண்கூரைகளும் உறங்கியவர்கள் மேல் சரிந்தன. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களை அப்படியே வேறிடத்துக்குப் பெயர்த்து, நேர்கோட்டுத் தெருக்களில் கொடையாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் கட்டிக் கொடுத்தார்கள். உழவனின் மாட்டுக்கும் தானியத்துக்கும் உறவுக்கும் பழகியிராத ஊர்கள் அவை. அங்கே எழுந்த குறைகள் எல்லாம் பத்தாண்டுகளுக்கு முன்பே பேசப்பட்டுவிட்டவை. நாம் அதே தவற்றைத் தெரிந்தே செய்தோம்.

2001 ஜனவரி 26 அன்று கச்சு நிலநடுக்கம். குஜராத் அரசு பெருமளவு வேறு பாதையில் சென்றது. உரிமையாளரே தம் வீட்டைக் கட்டிக்கொள்ளட்டும் என்றது. பணம் தவணைகளாக வங்கிக் கணக்கில் வந்தது. அடித்தளம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்த பிறகே அடுத்த தவணை. கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அடித்தளத்தின் மேல், கதவு ஜன்னல் தலைக்கு மேல், கூரைக்குக் கீழ் என்று சுவரைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை கட்டுவதும், மூலைகளில் செங்குத்தாகக் கம்பி நிறுத்துவதும் கிராமத்துக் கொத்தனாரின் கைப்பழக்கம் ஆயின. பெரும்பாலான வீடுகள் அப்படித்தான் எழுந்தன. அந்த வீடுகளிலும் குறைகள் இருந்தன. ஆனால் தன் வீட்டில் எவ்வளவு சிமெண்டு விழுகிறது என்று உரிமையாளனே நின்று பார்த்தான். எந்தக் கண்காணிப்புக் குழுவும் அந்தக் கண்ணுக்கு ஈடாகாது. நமக்கும் அந்தப் படிப்பினைக்கும் இடையே நான்கே ஆண்டுகள்.

நம்மோடு அதே நாளில் அழிந்த ஆச்சேயில், கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு யாரும் குடியேறக் கூடாது என்று முதலில் திட்டமிட்டார்கள். மக்கள் ஒப்பவில்லை. தம் இடிந்த மனைகளில் கயிறு கட்டி, இது இன்னார் நிலம் என்று ஊரார் கூடி வரைபடம் போட்டார்கள். அரசு பின்வாங்கியது. இலங்கையில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், தமிழரும் முஸ்லிம்களும் மிகுதியாக வாழும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கோடு கிழித்தார்கள். ஒரே தீவு, ஒரே அலை, இரண்டு அளவுநாடா. மனிதாபிமானத்தின் மொழியில் எழுதப்படும் விதிக்குள்ளும் அரசியல் எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. எதிர்ப்பு வலுத்து, ஓராண்டுக்குள் அதையும் தளர்த்த வேண்டி வந்தது.

*

கரையை விட்டுப் போகச் சொன்னது பாதுகாப்புக்காக மட்டும்தான் என்று நம்ப நாங்கள் தயாராக இருந்தோம். பின்னால் நடந்தவை அந்த நம்பிக்கையைத் தின்றுவிட்டன.

2016இல் மத்திய அமைச்சரவை இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. அங்கே எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த ஆண்டில் இடம் மாறியது. எங்கே? கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடையே. பேரலை பெயர்த்தெறிந்த அதே மணக்குடி. குடிசைக்கு ஆபத்தான கரை துறைமுகத்துக்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பானது ஆயிற்று என்று யாரும் விளக்கவில்லை. மக்கள் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். கிள்ளியூர் வட்டத்தின் கடலோர ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் அள்ளும் திட்டத்துக்கு எதிராக 2024இல் கிராமம் கிராமமாகத் தீர்மானம் போட வேண்டியிருந்தது. இடையே, 2019 ஜனவரியில் வந்த புதிய கடற்கரை ஒழுங்காற்று அறிவிப்பு, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. 2005இல் ஒரு தாயை அவள் மனையிலிருந்து எழுப்பிய அந்தப் புனிதமான 200 மீட்டர் பதினான்கே ஆண்டுகளில் கரைந்துவிட்டது. அவள் விட்டுக்கொடுத்த மனையை யார் திருப்பித் தரப் போகிறார்கள்?

*

இனி எங்களுக்கு வருவோம்.

பேரலை வந்த சில வாரங்களுக்குள் அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று நாம் பரபரத்தோம். ஆழிப்பேரலை என்றோம், கடல்கோள் என்றோம். எது பொருத்தம் என்று பக்கம் பக்கமாக விவாதித்தோம். இறையனார் களவியல் உரை, சிலப்பதிகாரம், கபாடபுரம் என்று தொட்டுக்காட்டினோம். குமரிக்கண்டத்தின் பரப்பளவு நமக்கு மனப்பாடம். கடல் கொண்ட தமிழ்ச் சங்கங்களுக்காக நாம் சிந்தாத கண்ணீர் இல்லை. ஆனால் நம் வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில், ஏ.வி.எம். கால்வாயின் சேற்றில் கடல்கோள் நடந்தபோது, அந்த ஊரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அதற்கு முன் உச்சரித்திருந்தோம்?

2024 மே மாதம், கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோயிற்று. கள்ளக்கடல் எச்சரிக்கை அறிவிக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. அந்தக் கரைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் லெமூர் கடற்கரை. பழைய கடல்கோளின் கனவைச் சுற்றுலாப் பலகையில் எழுதத் தெரிந்த நமக்கு, இன்றைய கடலின் எச்சரிக்கையை அதே கரையில் நிற்பவனின் காதுக்குக் கொண்டுசேர்க்கத் தெரியவில்லை.

தோப்பில் முஹம்மது மீரானை நாம் படித்தோம், கடலோர கிராமம் ஒன்றின் கதை நமக்குத் தெரியும் என்று நினைத்தோம். ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு பேரலை வந்த அதே 2004இல்தான் வெளியாயிற்று. வறீதையா கான்ஸ்தந்தின் கரையின் உள்ளிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறார். படித்தோம், மெச்சினோம், கூட்டம் நடத்தினோம். ஆனால் புனைகதையின் மீனவனுக்குக் கொடுத்த பரிவை, நமக்கு எதிரே நின்று 'இந்த வீடு எனக்கு ஆகாது' என்று சொன்ன மீனவனுக்கு நாம் கொடுக்கவில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று படித்திருக்கிறோம். நாமோ இரங்குவதாக நினைத்துக்கொண்டு இகழ்ந்துகொண்டிருந்தோம்.

*

குறை சொல்லி முடிப்பது எங்கள் நோக்கம் அன்று. இயற்கை நம்மை மறக்கவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே மறுபடியும் 8.6 அளவில் கடலடி அதிர்ந்தது. தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை என்பது நம் நல்லூழ். 2017 நவம்பர் 29, 30 நாட்களில் ஒக்கி வந்தது. எச்சரிக்கை கரையை எட்டுவதற்கு முன் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதியினர் ஆழ்கடலில் இருந்தார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் உட்கார்ந்துதான் தங்கள் மனிதர்களைத் தேடும்படி அரசைக் கேட்க வேண்டியிருந்தது. அடுத்தது எப்போது என்று எவராலும் சொல்ல முடியாது. அடுத்தது உண்டு என்பதை மட்டும் சொல்ல முடியும். 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையம் உண்டு. ஆகவே யாரிடம் கேட்பது என்ற குழப்பம் நமக்கில்லை.

நாங்கள் கேட்பவை இவை. அடுத்த பேரிடரின்போது வீட்டுப் பணம் குடும்பத்தின் கணக்குக்குத் தவணையாக வரட்டும். பொறியாளர் உடன் நிற்கட்டும், கட்டுவதை அவர்களே கட்டிக்கொள்ளட்டும். முதியோரும் விதவையரும் போலத் தாமே கட்ட இயலாதவர்களுக்கு மட்டும் நிறுவனம் கட்டிக் கொடுக்கட்டும். அந்த வீட்டுக்கும் கொடையாளர் பெயர்க்கல் வேண்டாம், வசிக்கிறவர் பெயர் போதும். வீடு பின்னால் தள்ளிப் போகத்தான் வேண்டும் என்றால் வலைக்கூடமும் ஏலக்கூடமும் மோட்டார் வைக்கும் அறையும் கரையில் முதலில் எழும்பட்டும். கரைநிலம் ஊரின் பொதுச் சொத்தாகவே நிலைக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுக்கட்டும். பேரிடர் வரும்வரை காத்திராமல் கால்வாய்களின் மேல் பாலங்களும், கரையிலிருந்து நேரே உள்நாட்டுக்கு ஓடும் தெருக்களும், ஊருக்கு ஒரு பள்ளி மாடியும் இப்போதே அமையட்டும். ஏற்கெனவே கட்டிய குடியிருப்புகளில் எத்தனை கூரை பெயர்ந்திருக்கிறது, எத்தனை குடும்பம் ஒரே வீட்டில் நெருங்கிக் கிடக்கிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்துப் பழுது பார்க்கட்டும். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கொட்டிய காலத்தில் கட்டுவதற்குப் பணம் இருந்தது. காப்பதற்கு யாரும் ஒரு தலைப்புக்கூட ஒதுக்கவில்லை.

இவற்றில் எதுவும் விண்ணைப் பிளக்கும் கோரிக்கை அன்று. குடியிருக்கப் போகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டு என்பதன் விரிவுரைதான் எல்லாம். நாஞ்சில் நாட்டில் மாட்டுத் தொழுவம் கட்டினாலும் மாடு எந்தப் பக்கம் தலை வைக்கும் என்று பார்த்துக் கட்டுவார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் நினைவிடங்களில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அடுத்த டிசம்பரில் எங்கள் மாதக் கூட்டத்தை நாகர்கோவில் மண்டபத்தில் வைக்காமல் அந்தக் குடியிருப்புகளில் ஒன்றில் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கட்டுரை வாசிப்பதாக இல்லை. அந்தத் தாயாரும் அவருடைய மகனும் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவதாக உத்தேசம். அதுவரை, 'இவங்களைத் திருத்த முடியாது' என்னும் அந்த வாக்கியத்தை எங்கள் கூட்டத்தில் யார் சொன்னாலும், அந்த வீட்டுக்குள் நீங்கள் ஒரு சித்திரை மாதம் இருந்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று பதில் சொல்வோம்.